ஓர் அரிய பிரிட்டிஷ் குடும்பப் பெயர் எங்கே, எத்தனை பேரிடம் இருந்தது? எண்ணிக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று தண்ணீர்த் தொட்டியில் விடும் கப்பி மீனுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு மனிதரின் குடும்பப் பெயரிலிருந்து. ட்ரினிடாடில் வாழ்ந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்ற இயற்கையியலாளரின் நினைவாக, லண்டனில் ஆல்பர்ட் குந்தர் 1866-ல் மீனுக்கு அதை வைத்தார். வில்ஹெல்ம் பீட்டர்ஸ் 1859-லேயே அதே மீனை விவரித்திருந்ததால் குந்தரின் அறிவியல் பெயர் நிற்கவில்லை. பேச்சுப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தில் கப்பி (Guppy) என்பது அரிய பெயர். தென்மேற்கே டார்செட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), கடலோரச் சார்மத்துக்கு அருகே வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்ற பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதி, இருக்கிறது. அதற்குள் கப்பி என்றே ஓர் இடம் உண்டு. பெயர் அங்கிருந்து கிளம்பியது. ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, சில நூறு பேரைத் தாண்டாமல், பக்கத்துக் கவுண்டிகளிலும் லண்டனிலும் துறைமுகங்களிலும் சிதறும் இப்படிப்பட்ட பெயர்களை எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. அந்த முறையைக் கப்பியை வைத்தே சொல்கிறோம். உங்கள் கையில் இருக்கும் பெயர் வேறாக இருந்தாலும் படிகள் இவைதான்.

ஒரு எச்சரிக்கை. பிரபலமானவர்களை வைத்துப் பரவலை ஊகிக்காதீர்கள். மீனுக்குப் பெயர் தந்தவர் பிறந்தது லண்டனில். குடும்பப் பெயர்களின் பரவலை முதலில் முறையாக ஆராய்ந்த ஹென்றி ப்ரூம் கப்பி பிறந்தது கார்ன்வாலின் ஃபால்மத்தில். 1811-ல் பாலக் கட்டுமானத்துக்குக் காப்புரிமை வாங்கிய சாரா கப்பி பிறந்தது பர்மிங்காமில், அதுவும் பீச் என்ற குடும்பத்தில். கப்பி அவருக்குக் கல்யாணத்தால் வந்த பெயர். இந்த மூவரை மட்டும் வரைபடத்தில் குத்தினால் டார்செட் கண்ணிலேயே படாது.

எழுத்துகளைத் தீர்மானிப்பது

எண்ணத் தொடங்குமுன் எந்தெந்த எழுத்துக்கூட்டலை ஒரே பெயராகக் கொள்வது என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். குடும்பமே தலைமுறையாக அப்படி எழுதிக்கொண்டால் அது மாற்று வடிவம். குமாஸ்தாவோ பின்னாளில் பட்டியலிட்டவரோ தவறாக எழுதியது பிழை வடிவம். மாற்று வடிவத்தைத் தனி வரிசையில் எண்ணிக் கடைசியில் கூட்டலாம். பிழை வடிவத்தைத் திருத்தி மூலப் பெயரில் சேர்க்க வேண்டும், மூலத்தில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பம் தன் பெயரை எப்படி எழுதியது என்று பார்க்கச் சிறந்த இடம் 1911 சென்சஸ். அதற்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வீட்டார் நிரப்பிய படிவங்கள் அழிக்கப்பட்டு, கணக்கெடுப்பாளர் நகலெடுத்த புத்தகமே மிஞ்சியது. இங்கிலாந்து, வேல்ஸில் 1911-லிருந்து வீட்டார் கைப்பட எழுதிய படிவமே காக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது தேடல். பல தளங்களில் 'ஒத்த ஒலிப்புள்ள பெயர்கள்' என்று ஒரு தேர்வு இருக்கும், பின்னால் சவுண்டெக்ஸ் ஓடும். அது முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, உதடு சேர்ந்து ஒலிக்கும் எழுத்துகளுக்கெல்லாம் 1 என்று போடும். கப்பியின் குறி ஜி100. கிப், காஃப் ஆகியவற்றின் குறியும் ஜி100தான். கிப் சாதாரணமாகக் கிடைக்கும் பெயர். ஆயிரக்கணக்கான கிப்களுக்கு நடுவே கப்பியைப் பொறுக்குவது வெட்டி வேலை. நான்கைந்து எழுத்தே உள்ள அரிய பெயருக்குச் சவுண்டெக்ஸை அணைத்துவிட்டு, எந்த எழுத்துக்கும் பதிலாக நிற்கும் நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துங்கள்.

அதிலும் பொறி உண்டு. ஜியுபி என்று போட்டு நட்சத்திரம் வைத்தால் 20-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் வரிசையாகக் குப்தாக்கள் வந்து நிற்பார்கள். பி-யை இரட்டித்தால் குப்தா போய்விடும், ஆனால் ஒற்றை பி-யில் எழுதப்பட்ட கப்பிகளும் போய்விடுவார்கள். சரியானது: ஜியுபி, நட்சத்திரம், கடைசியில் ஒய். ஐ-ஈ என்று முடியும் வடிவத்துக்கு இன்னொரு தேடல். இரண்டையும் ஓட்டி இணைத்தால் போதும்.

முதல் எழுத்தே தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் இந்தத் தேடல் உதவாது. பழைய கையெழுத்தில் பெரிய ஜி, எஸ் மாதிரியோ சி மாதிரியோ தெரியும். சில தளங்கள் முதலிடத்தில் நட்சத்திரத்தை ஏற்காது. அப்போது குடும்பப் பெயரை வெற்றாக விட்டு, முதற்பெயர், வயது, பிறந்த பாரிஷ் மூன்றையும் கொடுத்துத் தேடுங்கள். ஒரு சென்சஸில் இருந்து அடுத்ததில் காணாமற்போனவர்களில் கணிசமானோர் இப்படித்தான் அகப்படுவார்கள். கணக்கெடுப்பாளர் 'மேற்படி' என்று சுருக்கி எழுதியதை அப்படியே குடும்பப் பெயராகப் பட்டியலில் ஏற்றியிருப்பதும் உண்டு. தலைவர் மட்டும் கிடைத்து மனைவி, பிள்ளைகள் கிடைக்கவில்லையானால் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள்.

1881-ல் தொடங்குங்கள்

பழையதிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் 1881 ஏப்ரல் 3 இரவுக் கணக்கெடுப்பு முழுமையாகப் பட்டியலிடப்பட்டு, ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பரவல் ஆய்வுகள் பலவும் 1881-ஐயே அளவுகோலாக வைப்பதால், உங்கள் எண்ணை மற்றவர்களுடையதோடு ஒப்பிடவும் வசதி. ஸ்டீவ் ஆர்ச்சர் தயாரித்த குடும்பப் பெயர் வரைபட மென்பொருள் இதே தரவைக் கவுண்டி வாரியாகவும், ஏழைச் சட்ட ஒன்றியம் (ஏழைகள் நிவாரணத்துக்காகப் பாரிஷ்களைச் சேர்த்த வட்டாரம்) வாரியாகவும் படமாகக் காட்டும். அதில் கிடைக்கும் படத்தை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள், மூலத்தில் உள்ள பிழைகள் அப்படியே அதிலும் இருக்கும்.

1881 முடிந்ததும் பின்னால் 1851 வரை போய், பிறகு முன்னால் 1921 வரை வாருங்கள். 1841-ஐக் கடைசிக்கு விடுங்கள். அதில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது. பிறந்த ஊர் கிடையாது, 'இதே கவுண்டியா' என்பதற்கு ஆம், இல்லை மட்டும். உறவுமுறையும் இல்லை. 1931 இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கெடுப்பு 1942 டிசம்பர் தீயில் போய்விட்டது. 1941-ல் போரால் எடுக்கவில்லை. ஆக 1921-க்கும் 1951-க்கும் இடையே பெரிய பள்ளம். 100 ஆண்டு மூடுவிதியால் 1951 படிவங்கள் 2052 வரை வெளிவராது.

ஒவ்வொரு நபருக்கும் ஒரு வரி. எக்செல் போதும். பத்திகள்: ஆண்டு, மூலத்தில் உள்ள பெயர், திருத்திய பெயர், முதற்பெயர், பால், வயது, திருமண நிலை, குடும்பத் தலைவருக்கு உறவு, தொழில், இருந்த பாரிஷ், பதிவு மாவட்டம் (பிறப்பு, இறப்பைப் பதியும் வட்டாரம்), பழைய கவுண்டி, பிறந்த பாரிஷ், பிறந்த கவுண்டி, ஆவண எண். கடைசிப் பத்தியை யாரும் ஆர்வமாக நிரப்புவதில்லை, ஆனால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணாமல் தடுப்பது அதுதான். 1841, 1851-க்கு எச்ஓ 107, 1861-க்கு ஆர்ஜி 9, 1871-க்கு ஆர்ஜி 10, 1881-க்கு ஆர்ஜி 11 என்று போய் 1921-க்கு ஆர்ஜி 15-ல் முடியும். அதோடு கட்டு எண், தாள் எண், பக்க எண்.

திருமண நிலையையும் பாலையும் பிரித்து வைப்பதற்குக் காரணம் சாரா கப்பி. பெண்கள் கல்யாணத்தால் பெயருக்குள் வருகிறார்கள், வெளியே போகிறார்கள். மொத்த எண்ணிக்கையில் எல்லோரும் இருக்கலாம். பெயரின் வேர் எங்கே என்று கேட்கும்போது, ஆண்களையும் மணமாகாத பெண்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனைவியின் பிறந்த ஊர் கணவனின் பெயரைப் பற்றி எதுவும் சொல்லாது. மறுமணம் செய்தவளின் பிள்ளைகள் ஒரு சென்சஸில் மாற்றாந்தகப்பன் பெயரிலும் அடுத்ததில் சொந்தப் பெயரிலும் இருப்பது சர்வ சாதாரணம். வயதும் பிறந்த பாரிஷும் ஒத்துப்போனால் குறிப்பெழுதிச் சேருங்கள்.

இருந்த ஊர், பிறந்த ஊர் என்ற இரண்டு பத்திகளும் இந்த வேலையின் உயிர். 1851-ல் 70 வயதான ஒருவர் பிறந்தது 1781 வாக்கில். 1851 சென்சஸில் 60 வயதைத் தாண்டிய பெயர்க்காரர்களை மட்டும் பிரித்து, அவர்களைப் பிறந்த பாரிஷில் குத்தினால், அரசுப் பதிவு தொடங்குவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய பரவல் கிடைத்துவிடும். அதே ஆண்டில் 10 வயதுக்குட்பட்டவர்களின் பிறந்த ஊரைத் தனிப் படமாகப் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கிராமத்திலிருந்து எந்த நகரத்துக்கு, ஏறக்குறைய எந்தத் தலைமுறையில் நகர்ந்தார்கள் என்று தெரியும். உயிரோடிருந்தவர்கள் மட்டுமே இதில் இருப்பார்கள், நாட்டை விட்டுப் போனவர்களும் செத்தவர்களும் இருக்கமாட்டார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். வயதானவர்கள் தங்கள் ஊரின் பெயருக்குப் பதில் பக்கத்துச் சந்தை ஊரைச் சொல்வதும் வழக்கம். டார்செட்டின் பிரிட்போர்ட்டில் பிறந்தேன் என்று ஒருவர் சொன்னால், சுற்றியுள்ள எந்தக் கிராமமாகவும் இருக்கலாம்.

எண்ணிக்கை கூடியது, பெயர் அரிதானது

பெயர் பெருகியதா என்பதற்கு வெறும் எண்ணிக்கை பதில் சொல்லாது. நாட்டு மக்கள்தொகையால் வகுத்து, 10 லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து மக்கள்தொகை: 1851-ல் 1,79,27,609, 1881-ல் 2,59,74,439, 1901-ல் 3,25,27,843, 1911-ல் 3,60,70,492.

கணக்குக்காக ஒரு பெயர் 1881-ல் 300 பேரிடமும் 1911-ல் 400 பேரிடமும் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. ஆனால் 300-ஐ 2,59,74,439-ஆல் வகுத்து 10 லட்சத்தால் பெருக்கினால் 11.5, 400-க்கு அதே கணக்கு 11.1. நாடு சுமார் 39 சதவீதம் வளர்ந்தபோது பெயர் 33 சதவீதம்தான் வளர்ந்தது. அதாவது பெயர் கொஞ்சம் அரிதாகியிருக்கிறது. ஒப்பிட ஒரு கைப்பிடி: 1881-ல் ஸ்மித் என்ற பெயர் பிரிட்டனில் 4 லட்சம் பேருக்கு மேல் இருந்தது.

இதையே கவுண்டிக்கும் செய்யுங்கள். டார்செட்டின் 1881 மக்கள்தொகை சுமார் 1,91,000. லண்டனுடையது சுமார் 38,16,000. இரண்டிலும் 90 பேர் இருந்ததாகக் கொண்டால், எண்ணிக்கைப் படத்தில் இரண்டும் ஒரே நிறம். 10 லட்சத்துக்கு என்று பார்த்தால் டார்செட்டில் 471, லண்டனில் 24. இருபது மடங்கு வித்தியாசம். எந்த அரிய பெயரை எடுத்தாலும் எண்ணிக்கைப் படத்தில் லண்டன் கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் எல்லாருமே லண்டனுக்குப் போனார்கள்.

சிறிய எண்களிடம் எச்சரிக்கை தேவை. எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரட்டித்து, அந்த அளவு ஏறலாம் இறங்கலாம் என்று கொள்வது கைக்கணக்கு. 25 பேர் என்றால் கூடக்குறைய 10. 100 என்றால் 20. ஒரு பாரிஷில் 25 பேர் 32 ஆனதை வளர்ச்சி என்று எழுதாதீர்கள். நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம். மனிதர்கள் ஒற்றை ஒற்றையாக நகர்வதில்லை, குடும்பமாகப் பெயர்கிறார்கள். ஒன்பது பேர் உள்ள ஒரு வீடு கப்பலேறினால் ஒரு பாரிஷின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதனால் ஆட்களுடன் வீடுகளையும் தனியாக எண்ணுங்கள்.

எல்லைக்கோடு

பதிவு மாவட்ட எல்லையும் கவுண்டி எல்லையும் ஒன்றல்ல. இந்த வேலையில் மிக அதிகமாக மோசம்போவது இங்கேதான். லைம் ரீஜிஸும் சார்மத்தும் டார்செட்டில் இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே பிறந்த குழந்தை ஆக்ஸ்மின்ஸ்டர் பதிவு மாவட்டத்தில் ஏறியது, ஆக்ஸ்மின்ஸ்டர் டெவனைச் சேர்ந்தது. பிறப்புப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் கப்பிகள் டெவனுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக எழுதுவார். அவர்கள் அசையவே இல்லை.

எல்லைகளும் நகர்ந்தன. சார்ட்ஸ்டாக், ஹாக்சர்ச் இரண்டும் 1896-ல் டார்செட்டிலிருந்து டெவனுக்குப் போயின. அதைவிடப் பெரியது 1974: ஹாம்ப்ஷயரில் இருந்த போர்ன்மத்தும் கிறைஸ்ட்சர்ச்சும் டார்செட்டுக்கு வந்தன. போர்ன்மத் பெரிய நகரம். 1881 டார்செட்டையும் 1998 டார்செட்டையும் அப்படியே ஒப்பிட்டால் புதிதாக ஒரு நகரமே உள்ளே வந்திருக்கும்.

தீர்வு எளிது, செய்யத்தான் பொறுமை வேண்டும். பாரிஷ் வரை இறங்கிப் பதியுங்கள். கவுண்டிப் பத்தியில் எப்போதும் ஒரே ஆண்டின் எல்லையைப் பின்பற்றுங்கள், 1851 அல்லது 1881. பிறப்பு, இறப்புப் பட்டியலில் பாரிஷ் கிடைக்காது, மாவட்டம்தான் கிடைக்கும். அப்போது இரண்டு கவுண்டியில் கால்வைத்த மாவட்டங்களை ஒரு கவுண்டியில் தள்ளாமல் தனிப் பெயரிலேயே நிறுத்துங்கள்.

சென்சஸ்களுக்கு நடுவே

இங்கிலாந்து, வேல்ஸில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1. இங்கிலாந்து, வேல்ஸுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல். ஃப்ரீபிஎம்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம். தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள புதுப் பட்டியல் இன்னும் நல்லது. தாயின் கன்னிப் பெயர் பழைய பட்டியலில் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் உண்டு, புதியதில் 1837 முதலே கிடைக்கும். எந்தக் குழந்தை எந்தத் தம்பதிக்கு என்று பிரிக்க அதுவே போதும். எண்ணுவதற்காக யாரும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை.

அந்தத் தளம் ஒரு தேடலில் ஒரு பாலையும், கொடுத்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகளையும்தான் காட்டும். ஆகவே 1839 என்று கொடுங்கள், 1837 முதல் 1841 வரை வரும். அடுத்து 1844, 1849 என்று ஐந்தைந்தாக. ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என இரண்டு தேடல். ஓர் அரிய பெயருக்கு 1837-லிருந்து 1911 வரை ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

பட்டியலில் தவறும் இடங்கள்: 1875-க்கு முன் பிறப்பைப் பதியத் தவறினால் பெற்றோருக்குத் தண்டனை இல்லை, அதனால் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் பதிவாகாத பிறப்புகள் உண்டு. 1850-களைவிட 1880-களில் பிறப்பு கூடியதாகத் தெரிந்தால் ஒரு பகுதி பதிவு ஒழுங்கானதால் வந்தது. மணமாகாத தாய்க்குப் பிறந்து, தகப்பன் பெயரும் ஏறிய குழந்தை இரண்டு குடும்பப் பெயர்களிலும் பட்டியலிடப்படும், அதை இரண்டு பிறப்பாக எண்ணிவிடாதீர்கள்.

இப்போது இரண்டு மூலங்களையும் மோதவிடலாம். பெண்களின் பெயர் மாறுவதால் ஆண்களை மட்டும் எடுங்கள். 1881-ல் 150 ஆண்கள் இருந்தார்கள், அடுத்த பத்தாண்டில் 48 ஆண் குழந்தைகள் பிறந்தன, 27 ஆண்கள் இறந்தார்கள் என்று கொள்வோம். 1891-ல் 171 பேர் இருக்க வேண்டும். கிடைத்தது 158 என்றால் 13 பேரைக் காணோம். அந்த 13 பேரின் பெயர்களை எழுதுங்கள், அது வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. பட்டியல் பிழையில் மறைந்தவர்கள், கடற்படைக் கப்பலில் இருந்தவர்கள், வேறு எழுத்தில் இருப்பவர்கள் என்று ஒவ்வொருவராகக் கழிந்து, மிஞ்சுபவர்கள்தான் நாட்டை விட்டுப் போனவர்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால், வேறு பெயர்க்காரர்களை உள்ளே விட்டிருக்கிறீர்கள்.

1911 படிவத்தில் இன்னொன்று உண்டு: மணமான பெண்கள் மொத்தம் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எத்தனை உயிரோடு, எத்தனை இறந்தன. ஆண் வாரிசு இல்லாமல் எந்தக் கிளை அணையப்போகிறது என்பதைக் கணிக்க உதவும். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களில் சிலர் அந்தக் கணக்கெடுப்பையே புறக்கணித்தார்கள் என்பதால், ஒரு வீட்டில் பெண்கள் யாருமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

1837-க்கு முன்னால்

பாரிஷ் பதிவேடுகள் 1538-ல் தாமஸ் க்ராம்வெல் உத்தரவால் தொடங்கின. பல பாரிஷ்களில் அந்த ஆரம்ப ஏடுகள் இல்லை; உள்நாட்டுப் போர்க் காலத்திலும் அதை அடுத்தும், 1640-களிலிருந்து 1660 வரை, ஓட்டைகள் சகஜம். இங்கே ஆட்களை எண்ண முடியாது, நிகழ்வுகளைத்தான் எண்ணலாம். 25 ஆண்டுக்கு ஒரு கட்டமாக ஞானஸ்நானங்களை எண்ணுங்கள். எந்தப் பாரிஷில் எந்த ஆண்டுகளின் ஏடு தப்பியிருக்கிறது என்ற அட்டவணையை முதலில் போடுங்கள். ஏடே இல்லாத பாரிஷில் பூஜ்யம் என்று எழுதினால் அது பொய். காலியாக விடுங்கள்.

ஒரே ஞானஸ்நானம் பாரிஷ் ஏட்டிலிருந்து ஒரு தரமும், ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பிய நகலிலிருந்து இன்னொரு தரமும் இணையப் பட்டியலில் ஏறியிருக்கும். 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்ததால், 1690 பிப்ரவரி என்று ஏட்டில் இருப்பது நம் கணக்கில் 1691. ஒரு பட்டியல் திருத்தியிருக்கும், மற்றொன்று திருத்தியிருக்காது, இரண்டு குழந்தைகள் போலத் தெரியும்.

வரிப்பட்டியல்கள் ஒரே நாளின் குறுக்குவெட்டைத் தருபவை. 1327, 1332 மானிய வரி, 1641–42-ல் 18 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் இட்ட உறுதிமொழிப் பட்டியல், 1662 முதல் 1689 வரையிலான அடுப்பு வரி ஆகியவை டார்செட்டுக்குப் பகுதி பகுதியாகத் தப்பி அச்சிலும் வந்திருக்கின்றன. அடுப்பு வரியில் இருப்பது வீட்டுத் தலைவர்கள், சுமார் 4.3-ஆல் பெருக்கி மக்களைக் கணிப்பது வழக்கம். உறுதிமொழிப் பட்டியலை 3-க்கும் 3.5-க்கும் இடையில் பெருக்கலாம். ஐந்து பேர் கிடைக்கும் அரிய பெயரில் இந்தப் பெருக்கலைச் செய்யாதீர்கள். ஐந்து வீடு என்றே எழுதுங்கள்.

19-ஆம் நூற்றாண்டு முறை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஹென்றி ப்ரூம் கப்பி 1890-ல் வெளியிட்ட ஆய்வில், கவுண்டி விவரக் கையேடுகளில் இருந்த விவசாயிகளை மட்டும் எண்ணினார். ஊர்விட்டு ஊர் போகாதவர்கள் அவர்கள்தான் என்பது வாதம். வாதம் நல்லதே. ஆனால் கூலியாட்களும் மீனவர்களும் விழுந்துபோனார்கள். 10,000 விவசாயிகளுக்கு 7 பேர் என்ற அளவுக்குக் கீழே போன பெயர்களையும் விட்டுவிட்டார். அரிய பெயர் வைத்திருந்தவரின் வலை அரிய பெயர்களைத்தான் நழுவவிட்டது.

1921-க்குப் பின்

போர் தொடங்கியதும் மக்களைப் பதிந்த 1939 செப்டம்பர் 29 பதிவேடு, சென்சஸ் இல்லாத பள்ளத்தின் நடுவே ஒரு கல். அதில் படையில் இருந்தவர்கள் இல்லை, இன்னும் உயிரோடிருக்கக்கூடியவர்களின் வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். பின்னாளில் மணமான பெண்களின் புதுப் பெயரும் மேலே எழுதப்பட்டு இரண்டு பெயரிலும் தேடலில் வரும். 1939-ல் இருந்த பெயரை மட்டும் எண்ணுங்கள்.

வாக்காளர் பட்டியலில் பெரியவர்கள் மட்டுமே. ஆண் பெண் இருவரும் ஒரே தகுதியில் சேர்ந்தது 1928 சட்டத்துக்குப் பிறகு, வயது 21-லிருந்து 18 ஆனது 1970-ல். 2002-க்குப் பின் விற்பனைக்கு வரும் பதிப்பிலிருந்து பெயரை விலக்கிக்கொள்ள உரிமை வந்ததால், அதற்குப் பிந்தைய பட்டியல் ஓட்டை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் 1881-ஐயும் 1998-ஐயும் ஒப்பிட்டுப் படம் வெளியிட்டது இந்தத் தடைக்கு முந்தைய தரவில். தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2002 பட்டியலில் ஐவருக்குக் குறைந்த பெயர்கள் விடப்பட்டன. அதில் இல்லை என்பதால் பெயர் செத்துவிட்டது என்று பொருளில்லை. பத்திரிகைகள் அவ்வப்போது போடும் 'அழிந்துபோன பெயர்கள்' பட்டியலைப் பார்த்துப் பதறாதீர்கள். 1881-ல் ஒரே ஒருவரிடம் இருந்து பிறகு காணாமற்போன பெயர், பட்டியலிட்டவரின் பிழையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கடல் கடந்தவர்கள்

எண்ணிக்கை குறைந்தால் உடனே வெளிநாட்டுப் பதிவுகளைப் பாருங்கள். டார்செட்டுக்காரர்களுக்கு பூல் துறைமுகம் வழியாக நியூஃபவுண்ட்லாந்து மீன் வணிகம் பழைய பாதை. நமக்கு அருகில் இருப்பது சென்னை. மதராஸ் மாகாணத்து ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 வரிசையில் உள்ளன. என்/1 வங்காளம், என்/3 பம்பாய். ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. கம்பெனிப் படைவீரர்கள், எழுத்தர்கள், அவர்கள் வழிவந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இதில் கிடைப்பார்கள். ஒன்று கவனிக்க: இந்தியாவில் பிறந்து இங்கிலாந்து சென்சஸில் 'கிழக்கிந்தியா' என்று மட்டும் எழுதப்பட்டவர்கள் உண்டு. பிறந்த ஊர்ப் பத்தியில் அவர்களை வெளிநாடு என்று ஒதுக்காமல் தனியே குறியுங்கள்.

அயர்லாந்துக்கு 1901, 1911 கணக்கெடுப்புகள் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். 1861 முதல் 1891 வரையிலானவை அரசு உத்தரவில் அழிக்கப்பட்டன, அதற்கு முந்தையவற்றில் பெரும்பகுதி 1922 தீயில் போனது. ஸ்காட்லாந்துக்கு ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் தளம்.

படமும் விளக்கமும்

கியூஜிஐஎஸ் வரைபடம் போடும் இலவச மென்பொருள். ஒரே ஆண்டின் பதிவு மாவட்ட எல்லைக் கோப்பை ஏற்றி, அடர்த்திக்கு (10 லட்சம் பேருக்கு எத்தனை) நிறமும், எண்ணிக்கைக்கு மேலே வட்டமும் வையுங்கள். நிற வகுப்புகளை 1881-க்கு நிர்ணயித்த பிறகு மற்ற ஆண்டுகளுக்கும் அதையே பூட்டிவிடுங்கள். மென்பொருள் தானாக ஆண்டுக்கு ஆண்டு வகுப்பை மாற்றினால் எதுவும் ஒப்பிட முடியாது.

அடர்ந்த ஓரிடம் தெரிந்ததும் 'எல்லாரும் ஒரே மூதாதையின் வழி' என்று சொல்லத் தோன்றும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் 2009-ல் 40 பிரிட்டிஷ் குடும்பப் பெயர்க்காரர்களின், தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டபோது, அரிய பெயர்களில் ஒற்றுமை அதிகமாகவும் பரவலான பெயர்களில் குறைவாகவும் இருந்தது. அட்டன்பரோ பெயர்க்காரர்களில் 87 சதவீதம் ஒரே வகை. ஆகவே ஊகம் நியாயமானதே, ஆனால் படம் அதை நிரூபிக்காது. அடர்த்தி சொல்வது பெயர் அங்கே நெடுநாள் தங்கியது என்பதை மட்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்து ஒன்றைத் தவிர மற்றவை ஆண் வாரிசின்றி அணைந்திருக்கலாம். இப்படித் தற்செயலாகவே பெயர்கள் அழியும் கணக்கைப் ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வில்லியம் வாட்சனும் 1874-லேயே எழுதிவிட்டார்கள். ஒரு கிளை செழித்ததற்கும் இன்னொன்று மறைந்ததற்கும் ஒவ்வொரு முறையும் காரணம் தேடத் தேவையில்லை.

பழைய செய்தித்தாள்களில் பெயரைத் தேடி ஆண்டுவாரியாக எண்ணும் ஆசை வரும். கப்பிக்கு அது உதவாது: டிக்கன்ஸ் 1852–53-ல் தொடராக வெளியிட்ட நாவலில் கப்பி என்று ஒரு வக்கீல் குமாஸ்தா வருகிறான், விமர்சனங்களும் நாடக விளம்பரங்களும் அவனையே கொட்டும்; 20-ஆம் நூற்றாண்டில் மீன் கடைகள். பெயர்க்காரரின் ஊரையும் சேர்த்துத் தேடினால் மட்டும் பலன் உண்டு.

முடிவுகளை வெளியிடும்போது எந்த நாளில் எந்தத் தளத்தில் எந்த எழுத்தும் குறியும் போட்டுத் தேடினீர்கள் என்பதைத் தாளின் தனிப் பக்கத்தில் வையுங்கள். பட்டியல்கள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால் அடுத்த ஆண்டு எண் மாறும். 1939-க்குப் பிந்தைய படங்களில் பாரிஷ் வேண்டாம், மாவட்டத்தோடு நிறுத்துங்கள். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு வீடுதான் அந்தப் பெயரில் இருக்கிறது என்றால், படத்தில் வைக்கும் புள்ளி அந்த வீட்டு விலாசம்தான்.